காசு இல்லாவிட்டாலும் கணக்குக் கொடு

போன மாதம் ஒரு சாயங்காலம், எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் வந்திருந்தான். இருபத்து நான்கு வயது. அப்பா வழியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி. பாரிசுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிறப்புச் சான்றில் தாத்தா பெயரின் பிரெஞ்சு எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று என்னிடம் காட்ட வந்தான். இந்த வட்டாரத்தில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த கிழவன் நான் ஒருவன்தான் மிச்சம். அதனால் எத்தா சிவில் காகிதம் எது வந்தாலும் என் மேசைக்கு வந்துவிடும்.

அவன் அம்மா கூடவே வந்தார். பெட்டியில் என்னென்ன வைத்திருக்கிறார் என்று ஒரு பட்டியல் சொன்னார். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, வடகம், எலுமிச்சை ஊறுகாய், இரண்டு ஸ்வெட்டர், காதுவரை மூடும் குல்லாய், தைலம். எல்லாம் சரி என்றேன். பிறகு பையனிடம் கேட்டேன்.

"போன உடனே வரிக் கணக்குக் கொடுக்கணுமே, அதைப் பத்தி யாராவது சொன்னாங்களா?"

அவன் சிரித்தான். "வேலையே இனிமேதான் தாத்தா தேடணும். சம்பளம் வந்தாத்தானே வரி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை இதே வீட்டிலிருந்து சொன்னவன் நான். கேட்டு நடந்தவன் என் அக்கா மகன். அந்தக் கதையை இதுவரை இங்கே எழுதியதில்லை. எழுதினால் என் மரியாதை கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

அக்கா மகன் 2013 செப்டம்பரில் பிரான்சுக்குப் போனான். அக்கா வீட்டுக்காரரின் தகப்பனார் 1962இல் எழுதிக் கொடுத்தவர். இளைய வாசகர்களுக்காக ஒரு வரி: புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவர் அறிவித்தார். என் அப்பா அறிவிக்கவில்லை. ஒரு காகிதம்தான் வித்தியாசம். அதனால் அக்கா பிள்ளைகள் அங்கே, என் பிள்ளைகள் இங்கே.

முதல் சில மாதங்கள் அவனுக்கு வேலை இல்லை. பாரிசுக்கு வடக்கே ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தான். 2014 வசந்த காலத்தில் போன் செய்தான். "மாமா, இங்க எல்லாரும் இம்போ பாரம் நிரப்பறாங்க. எனக்கு எதுவும் வரல. நான் போய்க் கேட்டு வாங்கணுமா?"

நான் அப்போது ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எல்.டி.சி.யாகச் சேர்ந்து யு.டி.சி.யாக இருந்த காலத்தில், பிப்ரவரி மாதம் வந்தால் எங்கள் பிரிவு முழுவதும் என் மேசையைத்தான் சுற்றும். யாருக்கு எவ்வளவு பிடித்தம், எல்.ஐ.சி. ரசீது எங்கே, என்.எஸ்.சி. பத்திரம் எங்கே, வாடகை ரசீது எங்கே என்று எல்லாருக்கும் கணக்குப் போட்டு, படிவம் 16 தயார் செய்து கொடுத்தவன் நான். வரி விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு அப்போது இருந்தது.

"வருமானமே இல்லாதவனுக்கு எதுக்குப்பா வரிப் பாரம்? அவங்களே கூப்பிடல. நீயா போய் ஏன் தலையைக் கொடுக்கறே?" என்றேன்.

அவன் போகவில்லை. மறு வருஷமும் போகவில்லை. 2014இல் ஒரு ஓட்டல் சமையலறையில் சில மாதம் பகுதி நேர வேலை பார்த்திருந்தான். வரி விழும் அளவுக்கு இல்லை. "வரி விழாதுன்னா விட்டுடு" என்று அந்தத் தடவையும் நான்தான் சொன்னேன்.

இதற்கிடையில் கல்யாணம் ஆகி, மனைவி 2015இல் போய்ச் சேர்ந்தாள். மறு வருஷம் பெண் குழந்தை. ஒரே அறை, அதிலேயே சமையல், சுவரெல்லாம் ஈரம். குழந்தைக்கு இருமல் விடவே இல்லை. ஆஷ்.எல்.எம். என்று சொல்லப்படும் குறைந்த வாடகைக் குடியிருப்புக்கு மனுப் போட்டார்கள். அங்கே கேட்ட முதல் காகிதங்களில் ஒன்று, இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானத்துக்கான வரி மதிப்பீட்டுச் சீட்டு. பிரெஞ்சில் அவி தேம்போசிசியோன் என்பார்கள். அதாவது 2014ஆம் வருஷச் சீட்டு. நான் "விட்டுடு" என்று சொன்ன அதே வருஷம்.

அவன் என்னைத் திட்டவில்லை. "மாமா, அந்தச் சீட்டு இல்லாம கோப்பு முழுசாகாதாம்" என்று மட்டும் சொன்னான். அந்த மெதுவான குரல் இன்னும் காதில் இருக்கிறது. பழைய வருஷங்களுக்குத் தாமதமாகக் கணக்குக் கொடுத்து, சீட்டு கைக்கு வந்து, கோப்பு முழுமையாவதற்குள் ஒரு குளிர்காலம் போய்விட்டது. அபராதம் ஒரு காசு இல்லை. தாமத அபராதம் என்பது வரியில் இத்தனை சதவீதம் என்று கணக்கு; வரியே பூஜ்யம் என்றால் அபராதமும் பூஜ்யம். காசு போகவில்லை. அந்த ஈர அறையில் குழந்தையோடு ஒரு குளிர்காலம் போனதுதான் நஷ்டம்.

நான் எங்கே தவறினேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். சட்டம் தெரியாதது ஒரு பக்கம். என் மனசில் இருந்த வார்த்தையே தவறு என்றுதான் இப்போது தோன்றுகிறது. நாம் "வரி கட்டுவது" என்கிறோம். வரி என்றாலே கட்டுவது. கட்டவேண்டியது இல்லையென்றால் அந்தப் பேச்சே இல்லை. பிரெஞ்சுக்காரர் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று அறிவிப்பது, இன்னொன்று கட்டுவது. கட்டாமல் இருக்கலாம், ஏனென்றால் கட்டவேண்டியது இல்லாமல் போகலாம். அறிவிக்காமல் இருக்கக் கூடாது. வருமானம் இல்லாதவரும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த அரசின் வழிகாட்டல்.

இது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாது. 1789 மனித உரிமை அறிவிப்பைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்தவன் நான். அதன் 13ஆம் பிரிவு, நாட்டுச் செலவுக்கு எல்லாரும் அவரவர் வசதிக்கேற்பப் பங்கு தர வேண்டும் என்கிறது. 14ஆம் பிரிவு, அந்தப் பங்கு எதற்கு, எவ்வளவு, எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்கிறது. அங்கே "வரி" என்ற சொல் இல்லை. "பங்களிப்பு" என்ற சொல்தான் இருக்கிறது. மன்னர் காலத்து வரி என்ற சொல்லையே புரட்சிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் இதைச் சொன்னபோது பரீட்சைக்காகக் கேட்டேன். வாழ்க்கைக்கு வேண்டியபோது நினைவுக்கு வரவில்லை.

அந்தச் சீட்டு அங்கே என்னென்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வீடு வாடகைக்கு எடுக்கப் போனால் கேட்பார்கள். குறைந்த வாடகை வீட்டுக்குக் கேட்பார்கள். பல ஊர்களில் பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டணம் எவ்வளவு என்பது குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். பிள்ளை பெரியவனாகிக் கல்லூரிக்குப் போய் உதவித்தொகை கேட்டால், பெற்றோரின் இரண்டு வருஷத்துக்கு முந்தைய சீட்டைத்தான் பார்ப்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு மனுப் போடுகிறவரிடமும் வரி ஒழுங்காகக் காட்டியிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். பணம் கட்டிய ரசீது என்று நான் நினைத்த ஒன்று, அங்கே நம் ஊர் ரேஷன் கார்டு மாதிரி. நீ யார், எங்கே இருக்கிறாய், உன் அடுப்பில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று காட்டும் காகிதம்.

அடுப்பு என்று சும்மா சொல்லவில்லை. ஒரு வரிக் குடும்பத்துக்கு பிரெஞ்சில் "ஃபுவாயே" என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஃபுவாயே என்றால் நெருப்பு எரியும் இடம், அடுப்பு. நம் ஊரிலும் ரேஷன் கார்டுக்குத் தனி அடுப்பு இருக்கிறதா என்றுதானே கேட்கிறார்கள்! ஆனால் வருமான வரிக்கு இந்தியா ஆளைப் பார்க்கிறது. புருஷனுக்குத் தனிக் கணக்கு, பெண்சாதிக்குத் தனிக் கணக்கு. வீட்டில் எத்தனை பிள்ளை என்று கேட்டு வரி விகிதத்தை மாற்றுவதில்லை. பிரான்ஸ் அடுப்பைப் பார்க்கிறது. கணவன் மனைவி சேர்ந்து ஒரே கணக்கு. 1945 கடைசியில் கொண்டுவந்த முறை இது. யுத்தம் முடிந்து பிள்ளைகள் வேண்டும் என்று நாடு நினைத்த காலம்.

கணக்கு இப்படி. கணவனுக்கு ஒரு பங்கு, மனைவிக்கு ஒரு பங்கு. முதல் பிள்ளைக்கு அரைப் பங்கு, இரண்டாம் பிள்ளைக்கு அரைப் பங்கு, மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் முழுப் பங்கு. மூன்று பிள்ளை உள்ள வீட்டுக்கு மொத்தம் நான்கு பங்கு. குடும்ப வருமானத்தை நான்கால் வகுத்து, ஒரு பங்குக்கு என்ன வரி என்று பார்த்து, திரும்ப நான்கால் பெருக்குவார்கள். 2024 வருமானத்துக்கு ஒரு பங்குக்கு 11,497 யூரோ வரை வரி இல்லை. அதற்கு மேல் 11 சதவீதம், பிறகு 30, 41, 45 என்று படிப்படியாக ஏறும்.

வரிக்குரிய வருமானம் 40,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். தனி ஆளுக்கு ஐயாயிரம் யூரோவுக்கு மேல் வரி வரும். அதே தொகை மூன்று பிள்ளை உள்ள தம்பதிக்கு என்றால், பங்குக்குப் பத்தாயிரம்தான், வரியே இல்லை. பெரிய பணக்காரர்கள் இதை வைத்து அளவுக்கு மீறி லாபம் பார்க்காமலிருக்க உச்சவரம்பு உண்டு. நம் மாதிரி வீடுகளை அது தொடுவது அபூர்வம்.

இப்போது ஒரு முக்கியமான இடம். 2019 ஜனவரிக்கு முன்னால், இந்த வருஷம் சம்பாதித்ததற்கு அடுத்த வருஷம்தான் வரி கேட்பார்கள். புதிதாகப் போனவர்கள் முதல் வருஷம் கை நிறையப் பணம் என்று செலவு செய்துவிட்டு, இரண்டாம் வருஷம் மொத்தமாக வந்த சீட்டைப் பார்த்துத் திகைத்த கதைகள் நிறைய. 2019 முதல் சம்பளத்திலேயே மாதா மாதம் பிடித்துக்கொள்கிறார்கள், நம் டி.டி.எஸ். மாதிரி. நல்லதுதான். ஆனால் புதிதாக வந்தவரைப் பற்றி வரி அலுவலகத்துக்கு எதுவும் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. அதனால் கல்யாணம் ஆகாத, பிள்ளை இல்லாத தனி ஆளுக்கு என்ன விகிதமோ அதையே பிடிப்பார்கள். வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளையும் இருந்தாலும் அப்படித்தான். கணக்குக் கொடுத்த பிறகுதான் அடுப்பில் எத்தனை பேர் என்று அரசுக்குத் தெரியும், விகிதம் குறையும், அதிகமாகப் பிடித்தது திரும்பி வரும். வாய் திறக்காமல் இருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

மாதா மாதம் பிடித்துவிட்டார்களே, பிறகு எதற்குக் கணக்கு என்று சிலர் கேட்கிறார்கள். பிடித்தம் வேறு, கணக்கு வேறு. வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் ஆரம்பம் வரையிலான காலத்தில் முந்தைய வருஷக் கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டும். முதல் தடவை கொடுப்பவருக்கு வரி எண் இருக்காது. அதை அவரே கேட்டு வாங்க வேண்டும். யாரும் வீடு தேடி வந்து கூப்பிட மாட்டார்கள். "அவங்களே கூப்பிடல" என்று நான் சொன்னேனே, அந்தப் பேச்சின் மடத்தனம் இதுதான்.

என் இரண்டாவது தவறுக்கு வருகிறேன். அக்கா மகனுக்கு இங்கே ஒரு வங்கிக் கணக்கு இருந்தது, அக்கா பெயரோடு சேர்த்து. மாசம் ஏதாவது போடுவான், அக்கா எடுப்பார். கணக்குக் கொடுக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் கேட்டான்: "வெளிநாட்டுல பேங்க் கணக்கு இருக்கான்னு ஒரு கேள்வி இருக்கு மாமா." அப்போதும் நான் திருந்தவில்லை. "அது நம்ம நாட்டு பேங்க். அவங்களுக்கு என்ன?" என்றேன்.

நமக்கு அது நம் நாட்டு வங்கி. பிரான்சில் குடியிருப்பவருக்கு அது வெளிநாட்டு வங்கி. அங்கே குடியிருப்பவர் என்று சட்டம் எண்ணிவிட்டால், உலகத்தில் எங்கே எது வந்தாலும் அங்கே காட்ட வேண்டும். பாஸ்போர்ட் நிறம் பார்ப்பதில்லை. குடும்பம் எங்கே இருக்கிறது, எங்கே அதிகமாக வசிக்கிறார், முக்கியமான தொழில் எங்கே, பண விவகாரங்களின் மையம் எங்கே, இவற்றில் ஒன்று பிரான்ஸ் என்றாலே போதும். போய்ச் சேர்ந்த வருஷத்துக்கு, வந்த தேதியிலிருந்து கணக்கு.

வெளிநாட்டுக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 3916 என்ற எண்ணுள்ள படிவம் இருக்கிறது. கணக்கில் நூறு ரூபாய் கிடந்தாலும் காட்ட வேண்டும். அந்த வருஷம் மூடிய கணக்கையும் காட்ட வேண்டும். சேமிப்போடு சேர்ந்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசியையும் காட்ட வேண்டும். காட்டாத கணக்கு ஒன்றுக்கு அபராதம் 1,500 யூரோ. கணக்கில் இருக்கும் பணத்தைவிட அபராதம் பெரிதாக இருக்கும்! யாருக்குத் தெரியப் போகிறது என்ற பேச்சும் இப்போது செல்லாது. இந்தியாவும் பிரான்சும் வங்கிக் கணக்கு விவரங்களை 2017 முதல் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் நாடுகளின் கூட்டத்தில் இருக்கின்றன.

நல்ல வேளை, அந்தத் தடவை அவன் என் பேச்சைக் கேட்கவில்லை. வரி அலுவலகத்துக்கு நேரில் போனான். வரிசையில் நின்றான். இருந்ததைச் சொன்னான். விடுபட்டுப்போன வருஷங்களுக்கும் எழுதிக் கொடுத்தான். அங்கே இருந்த அம்மையார் பொறுமையாக எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று காட்டினாராம். அபராதம் போடவில்லை. 2018 ஆகஸ்டில் ஒரு சட்டமே கொண்டுவந்திருக்கிறார்கள், நல்லெண்ணத்தோடு தவறு செய்தவர் தாமே வந்து திருத்திக்கொண்டால் முதல் தடவை தண்டிக்கக் கூடாது என்ற கருத்தில். எல்லா வகைத் தவறுக்கும் அது பொருந்தாது. ஆனாலும் பிடிபட்டுச் சொல்வதற்கும் தானாகப் போய்ச் சொல்வதற்கும் அங்கே நிறைய வித்தியாசம்.

"அப்போ ரெண்டு நாட்டுலயும் வரியா?" என்று பலர் பயப்படுகிறார்கள். அதற்காகத்தான் இந்தியாவும் பிரான்சும் 1992இல் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் கையெழுத்திட்டிருக்கின்றன. புதுச்சேரி வீட்டு வாடகைக்கு இங்கே வரி உண்டு. அதை அங்கேயும் காட்டினால், ஒப்பந்தப்படி கழிவு கொடுப்பார்கள். கழிவு வேண்டுமென்றால் காட்ட வேண்டும். இரண்டு தடவை கட்ட வேண்டாம் என்றால் காட்டவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. எனக்குத் தெரிந்த படித்தவர்களே இங்கேதான் குழம்புகிறார்கள். என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதனால் எங்குமே வரி இல்லை என்று நினைக்கிறார்கள். பிரான்சில் அதுவும் காட்ட வேண்டிய வருமானம்தான்.

ஒரு குமாஸ்தாவாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வரி வருஷம் ஏப்ரல் முதல் மார்ச் வரை. அவர்களுடையது ஜனவரி முதல் டிசம்பர் வரை. இங்கே வங்கி கொடுக்கும் வட்டிச் சான்று நம் வருஷத்துக்குத்தான் வரும். அங்கே அது உதவாது. ஜனவரி–டிசம்பர் கணக்காக ஒரு சான்று கேட்டு வாங்கி வைக்க வேண்டும். அதோடு, வெளிநாட்டில் குடியேறியவர் இங்கே பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இதையும் நிறையப் பேர் செய்வதில்லை.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். நம் பிள்ளைகள் மாதா மாதம் அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறார்களே, அதை பிரெஞ்சுச் சட்டம் தர்மம் என்று பார்ப்பதில்லை. கடமை என்று பார்க்கிறது. சிவில் சட்டத்தின் 205ஆம் பிரிவு, இல்லாமையில் இருக்கும் பெற்றோரைப் பிள்ளைகள் காப்பாற்ற வேண்டும் என்கிறது. பெற்றோர் வெளிநாட்டில் இருந்தாலும், அவர்களுக்கு வேறு போதிய வருமானம் இல்லை என்று காட்டி, பணம் போனதற்கும் அத்தாட்சி காட்டினால், நியாயமான அளவு வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும்.

அத்தாட்சி என்பதுதான் நம்மிடம் இல்லாத சாமான். ஊருக்கு வருகிறவர் கையில் கவரில் போட்டுக் கொடுத்து அனுப்புவதுதான் நம் பழக்கம். அன்பு அதில் குறைவில்லை, ஆனால் கவருக்கு ரசீது கிடையாது. அக்கா மகன் இப்போது வங்கி மூலம்தான் அனுப்புகிறான். அக்காவுக்கு முதலில் வருத்தம். "பெத்தவளுக்குக் குடுக்கறதுக்கும் கணக்கா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சமாதானமானார்.

இதை எழுதும்போது எதிர்ப்பக்கத்தையும் நினைக்கிறேன். நம் வீட்டு விஷயத்தையெல்லாம் ஓர் அரசிடம் ஏன் ஒப்பிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. என் அப்பாவே அப்படிப்பட்டவர்தான். அரசு அலுவலகப் பக்கம் தேவையில்லாமல் தலைவைத்துப் படுக்காதே என்பார். பல ஆட்சிகளைப் பார்த்த தலைமுறையின் ஜாக்கிரதை அது, கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஜாக்கிரதை, போன இடத்தில் பிள்ளை வளர்ப்பவனுக்கு உதவவில்லை. அவனுடைய பள்ளிக்கூடம், வைத்தியம், வீடு எல்லாம் அந்த அரசின் கையில். அந்த அரசு அவனைத் தெரிந்துகொள்ளும் வழி அந்தக் காகிதம்தான்.

கல்யாணமாகிப் போகும் பெண்களுக்கும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கணவன் மனைவி சேர்ந்து கொடுக்கும் கணக்குக்கு இருவருமே பொறுப்பு. அந்த வருமான வரி முழுவதையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். "அவர்தான் எல்லாம் பார்த்துப்பார்" என்று பேசாமல் இருப்பது மரியாதையாகத் தெரியலாம். உன் பெயர் இருக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது அவமரியாதை ஆகாது. பிரெஞ்சு தெரியாவிட்டால் தெரிந்தவர் ஒருவரை உட்கார வைத்துப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். பிள்ளையின் சாப்பாட்டுக் கட்டணம் முதல் குடியிருக்கும் வீடு வரை அந்தக் காகிதத்தில்தான் நிற்கிறது.

என் கட்சி இதுதான். வெளிநாடு போகிறவர்களுக்கு நாம் குளிரைப் பற்றிச் சொல்கிறோம், சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறோம், யாரை நம்ப வேண்டும் யாரை நம்பக் கூடாது என்று சொல்கிறோம். அந்த நாடு வருஷத்துக்கு ஒரு தடவை அவர்களிடம் கேட்கப்போகும் கேள்வியைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. சொல்கிறவர்களும் என்னைப்போல இங்கே இருக்கும் சட்டத்தை வைத்து அங்கே இருப்பவனுக்குப் புத்தி சொல்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால், அக்கா மகன் 2014இலேயே நேராக வரி அலுவலகத்துக்குப் போயிருப்பான். அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. கெடுத்தது என் பதில்.

ஆகவே தெருக்கோடிப் பையனுக்குப் புத்தி சொல்வதைக் குறைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து பழைய நாடா வைத்த ஒரு ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். அலுவலக காலத்து ஃபைல். மேலே ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். போய்ச் சேர்ந்த தேதி. தங்கும் வீட்டு முகவரிக்கு அத்தாட்சி. சம்பளச் சீட்டு வந்தால் ஒன்றுகூடத் தூக்கிப் போடாதே. இங்குள்ள வங்கிக் கணக்கு எண்கள், பாலிசி எண். அம்மாவுக்குப் பணம் அனுப்பிய ரசீது. வசந்த காலம் வந்ததும் வரி அலுவலகத்துக்கு நீயே போ. சம்பளம் பூஜ்யம் என்றாலும் பூஜ்யம் என்று எழுதிக் கொடு. கடைசியாக, சந்தேகம் வந்தால் என்னைக் கேட்காதே, அங்கே கேள்.

அவன் அம்மா ஃபைலை வாங்கிப் பார்த்தார். "இதைக் கைப்பையில வெச்சுக்கோ, பெட்டியில போட்டா ஊறுகாய் எண்ணெய் பட்டுடும்" என்றார்.

அக்கா மகனும் அவன் குடும்பமும் இப்போது நல்ல வீட்டில் இருக்கிறார்கள். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள், இருமல் இல்லை. வருஷா வருஷம் கணக்குக் கொடுத்ததும் அவன் எனக்குப் போன் செய்து "குடுத்துட்டேன் மாமா" என்கிறான். நான் "சரிப்பா" என்று மட்டும் சொல்கிறேன்.